வாங்கினவர் சொல்வதே பேர்

சார், ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துக்கலாமா? தேங்க்ஸ் சார். காத்துக்காக இல்லை. இறங்கி ஓடிடலாம் போல இருக்கு. பஸ்ஸைக் குத்தம் சொல்லாதீங்க, பஸ் ஒழுங்காத்தான் போகுது. எனக்குப் பயம். கோபியில ஒரு பெரியவரைப் பார்க்கப் போறேன். அவர் எதிர்ல உட்கார்ந்து, என் பேச்சுல நான் நாலு வார்த்தை பேசணும். அவ்வளவுதான் வேலை. உலகத்துல எல்லாரும் செய்யற வேலைதான். என்னால மட்டும் முடியலை.

என்ன கேட்டீங்க? "கோபியில என்ன சோலிங்க தம்பி"ன்னா? கல்யாணச் சோலிதான் சார். என் கல்யாணம்தான். அது இந்த நாலு வார்த்தையில தொங்கிட்டு இருக்கு.

இருங்க, முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். என் பேர் முகுந்தன். சென்னையில, பெருங்குடியில, போன்ல பேசற சோலி. ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனிக்காகப் பேசறோம். கம்பெனி பேர் வேண்டாம் சார், இருக்கற வேலையும் போயிடும். வண்டி பேர் ஜவேரோ. அந்த வண்டி உலகத்துல எந்த ரோட்டுல மக்கர் பண்ணி நின்னாலும் போன் எங்களுக்குத்தான் வரும். பேசறவன் பெருங்குடியில உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுட்டுப் பேசறான்னு அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவுல இருந்து பேசற மாதிரி இருக்கணும். அதான் சோலியே.

இதுல என்ன கஷ்டம்னா, ஜவேரோன்னு நான் சொல்றேன் பாருங்க, அப்படி ஒருத்தரும் சொல்றதில்லை. இங்கிலாந்துக்காரர் ஜவேரோன்னுதான் ஆரம்பிப்பார், கடைசி எழுத்தை வாய்க்குள்ளயே வெச்சுக்குவார், வெளியில விடமாட்டார். ஆஸ்திரேலியாக்காரருக்கு அது ஜவைரோ. ஜெர்மனியில யவைரோ. ஸ்பெயின்ல இருந்து ஒரு அம்மா பேசுவாங்க, ஹபேய்ரோம்பாங்க, தொண்டையில மீன்முள்ளு மாட்டின மாதிரி ஆரம்பிக்கும். எகிப்துல இருந்து பேசினா கஃபேரோ. முதல் தடவை கேட்டப்ப ஏதோ ஓட்டல்னு நினைச்சுட்டேன். கென்யாக்காரங்கதான் சார் தங்கமானவங்க. எழுதின எழுத்துக்கு மரியாதை குடுத்து, ஜா, வே, யி, ரோ, ஒண்ணையும் முழுங்காம சொல்லுவாங்க.

"இதுல எது சரி"யா? நல்லாக் கேட்டீங்க. சேர்ந்த அன்னிக்கு நானும் இதைத்தான் கேட்டேன். பிரமீளா மேடம்னு எங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க, செவுத்தைக் காட்டினாங்க. தண்ணி கேனுக்கு மேல பெருசா ஒட்டியிருந்தது: வாங்கினவர் சொல்வதே பேர். எனக்கு முன்னாடி அந்த சீட்டுல இருந்தவர் ரொம்பப் படிச்ச மனுஷன். ஸ்பெயின்ல மழையில நின்னுட்டு இருந்த ஒருத்தர்கிட்ட, "அது ஹபேய்ரோ இல்லைங்க, ஜவேரோ"ன்னு திருத்தியிருக்கார். அந்தாள் கேட்டாராம், "வண்டி உன்னுதா என்னுதா? மழையில நிக்கறது நீயா நானா?" படிச்சவர் வீட்டுக்குப் போயிட்டார். அந்த சீட்டுல நான் வந்து உட்கார்ந்தேன்.

அதனால சட்டம் என்னன்னா, அவங்க வாயில எப்படி வருதோ அப்படியே நம்ம வாயிலயும் வரணும். அது மாறினா மார்க் குறைப்பாங்க. இதுல நான் கில்லாடி அண்ணே. பொய் சொல்லலை, கோப்பை குடுத்திருக்காங்க. எதிர்ல இருக்கறவர் ரெண்டு வாக்கியம் பேசினாப் போதும், மூணாவது வாக்கியத்துல நான் அவராயிருப்பேன். வேணும்னு செய்யறது இல்லை, தானா வரும். நைரோபியில இருந்து ஒருத்தர், வண்டியைச் சரி பண்ணிக் குடுத்ததும், "நீ எந்தத் தெருவுலப்பா இருக்கே? சாயங்காலம் வீட்டுக்கு வா"ன்னு கூப்பிட்டார். இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பீத்திக்கிட்டேன். ஒருத்தராவது, "உன் தெரு எதுடா?"ன்னு திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கலை.

அப்பத்தான் வாணி வந்தா. கோகிலவாணி. எங்க போன் பேச்சையெல்லாம் பதிவு போட்டுக் கேட்டு மார்க் போடற பிரிவு அவளுக்கு. என் குரல்ல மயங்கிட்டாளான்னு கேக்காதீங்கண்ணே, அவ கேட்டது எதுவும் என் குரல் இல்லை. ஒரு நாள் கேன்டீன்ல எதிர்ல வந்து உட்கார்ந்து, "நீங்க எந்த ஊருங்க?"ன்னு கேட்டா. நான் பாட்டுக்கு, "நீங்க எந்த ஊருங்க"ன்னேன். "கோபிங்க"ன்னா. "அட, நானும் அந்தப் பக்கந்தானுங்க"ன்னுட்டேன். சத்தியமா பொய் சொல்லணும்னு சொல்லலை. அவ பேச்சு நாக்குல ஒட்டுச்சு, பேச்சோட ஊரும் ஒட்டிக்கிச்சு. அவ ஒவ்வொரு ஊரா விசாரிக்க ஆரம்பிச்சா. கொடிவேரி அணை எந்தத் திசைன்னு கேட்டா. நான் மேல கை காட்டினேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னும் காதுல இருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

"கோகிலாப் புள்ளைக்கு அப்பன் ஆத்தா ஒத்துக்கிட்டாங்களா"ன்னு கேக்கறீங்க. வாணிக்கு அப்பா மட்டும்தான் கஷ்டம். அம்மா முதல் நாளே சரின்னுட்டாங்க. அப்பா நாச்சிமுத்து, கோபியில ரைஸ் மில் வெச்சிருக்கார். எங்க ஆளுங்க வேற, அவங்க ஆளுங்க வேற. நான் ரயில்வே குமாஸ்தா மகன், காணி நிலம் கிடையாது. வாணி ஒரு வருஷம் அவர்கிட்டப் போராடினா. அழுதா, பட்டினி கிடந்தா, பேசாம இருந்தா. கடைசியில மனுஷன் இறங்கி வந்தார். "சரி, பெரியவங்க வந்து போறதுக்கு முன்னால அந்தப் பையனை நான் ஒருக்கா பாக்கோணும், தனியா வரச்சொல்லு"ன்னார். ஜாதியைத் தாண்டி வந்த மனுஷன். ஊரைத் தாண்டி வந்த மனுஷன். நான் ஒரு விசில்ல கவுத்துப்போட்டேன்.

ஆமாண்ணே, விசில்தான். சொல்றேன், சொல்லத்தானே வாயெடுத்தேன்.

கல்யாணம் வருதுன்னு அவர் ரெண்டு காரியம் பண்ணியிருக்கார். ஒண்ணு, புது வண்டி எடுத்திருக்கார். மக வேலை பார்க்கற கம்பெனி வண்டின்னு ஆசையா, ஜவேரோ. இன்னொண்ணு, போட்டோவுல நல்லா இருக்கோணும்னு முன்பல்லு நாலும் புதுசாக் கட்டியிருக்கார். பல்லு இன்னும் பழகலை. ச வந்தாலும் ஜ வந்தாலும் நடுவுல ஒரு விசில் வரும். அவருக்கே அது ரோசம். சொந்தம், ஒறம்பரைன்னு யார் வந்தாலும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்லையாம். இதை வாணி முன்னாலயே எங்கிட்டச் சொல்லியிருக்கோணும். "அப்பா பல்லைப் பத்திப் பேசாதீங்க"ன்னு மட்டும் சொன்னா. நான் பல்லைப் பத்திப் பேசவே இல்லீங்க.

முதல் தடவை போனப்ப, கூடத்துல உட்கார வெச்சாங்க. அவர் எனக்கு மரியாதை பண்ணோணும்னு, வாயைத் தொறந்து பேசினார். அதுதான் எனக்குத் தாங்கலை, யோசிச்சுப் பாருங்க, ஊர்ல யார்கிட்டயும் பேசாத மனுஷன் எங்கிட்டப் பேசினார்.

"வாஸ்ஸல்ல நிக்குதே, பாத்தீங்களா தம்பி? ஸ்ஸவேரோ."

எனக்குப் பயம் ஏறிடுச்சு. பயம் வந்தா எனக்கு இந்த வியாதி இன்னும் எச்சா வரும். காதுல பிரமீளா மேடம் நிக்கறாங்க, வாங்கினவர் சொல்வதே பேர்.

"பாத்தனுங்க. ஸ்ஸவேரோ அருமையான வண்டிங்க"ன்னேன். விசிலோட.

வாணி கதவுகிட்ட நின்னு வேகமாத் தலையை ஆட்டறா. சந்தோசத்துல ஆட்டறான்னு நினைச்சுட்டேன். அவங்கம்மா காப்பி டம்ளரோட பாதியிலயே நின்னுட்டாங்க. அவர் நாக்கால பல்லைத் தடவிப் பார்த்துக்கிட்டார். பிசகாக் கேட்டுட்டமோன்னு இன்னொரு வாய்ப்புக் குடுத்தார், நல்ல மனுஷன்.

"ஸ்ஸேலத்துல போயி எடுத்தனுங்க."

"ஸ்ஸேலத்துலதானுங்க ஸ்ஸரியா ஸ்ஸர்வீஸ் பண்ணுவாங்க"ன்னேன். அவர் ஒண்ணு வெச்சார், நான் மூணு வெச்சேன். கோப்பை வாங்கினவன் இல்லீங்களா!

அவர் என்னையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் ரொம்ப நிதானமாக் கேட்டார், "தம்பிக்குப் பல்லெல்லாம் ஸ்ஸொந்தப் பல்லுதானுங்களா?"

நான் சொன்னனுங்ணா, "ஆமாங்க, எல்லாம் ஸ்ஸொந்தப் பல்லுதானுங்க."

சிரிங்க, நல்லாச் சிரிங்க. இன்னிக்கு நானே சிரிக்கறேன். அன்னிக்கு அவர் எந்திரிச்சு, "காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாருங்க. வாணி எங்கூட வாசல் வரைக்கும் கூட வரலை. பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னப்பறம்தான் என்ன பண்ணினேன்னே எனக்குத் தெரிஞ்சுது. அவளே போன்ல கத்தினப்பறம்.

அதோட விட்டனா? கெரகம் விடலீங்ணா. மன்னிப்புக் கேக்கலாம்னு அவருக்குப் போன் பண்ணினேன். போன்னா எனக்கு என்னன்னு உங்களுக்கே தெரியும், அதுதான் என்ர சோலியே. காதுல வெச்சதும் முதுகு நிமிந்துக்குது, குரல் தானா இறங்குது. அவர், "ஸ்ஸொல்லுங்க தம்பி"ன்னார். நான், "மன்னிஸ்ஸிருங்க"ன்னேன். மன்னிச்சிருங்கங்கறதுல வர்றது அழுத்தற ச்ச, அதுல அவருக்கே விசில் வராதுங்ணா! இல்லாத இடத்துல எடம் பண்ணி வெச்சேன். அவர், "கோகிலாகிட்டக் குடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டார். "வாணிகிட்டக் குடுங்க"ன்னேன். அதுக்கு ஒரு நிமிசம் பேசலை. அப்புறம் லைனை வெச்சுட்டாரு. வீட்டுல எல்லாரும் அவளைக் கோகிலான்னுதான் கூப்பிடுவாங்க. அதுவும் தப்பாப் போச்சாட்ட இருக்குதுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

"கோகிலா என்ன பண்ணுச்சு"ங்கறீங்களா? வாணிதான் அவர்கிட்ட உட்கார்ந்து எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்லியிருக்கா. என்ர போன் பேச்சுப் பதிவு கொஞ்சத்தைப் போட்டே காட்டியிருக்கா. எகிப்து, கென்யா, ஜெர்மனி, எல்லாத்தையும். அவர் பொறுமையாக் கேட்டாராம். கேட்டுப்போட்டு, "நக்கல் பண்ணலைங்கறது வெளங்குது"ன்னாராம். அதோட நின்னிருந்தா நானும் இப்ப இப்படிப் பயந்துட்டு வரமாட்டேன். அடுத்து ஒண்ணு சொன்னாராம்: "இத்தனை பேராட்டப் பேசறானே, இவனாட்ட எப்பப் பேசுவான்? நாளைக்கு என்ர புள்ள யாருகூடக் குடும்பம் பண்ணப் போகுதுன்னு எனக்குத் தெரியாண்டாமா? அவம் பேச்சுல அவன் வந்து பேசட்டும். அந்த வண்டி பேரை அவன் எப்படிச் சொல்லுவானோ அப்படிச் சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

கேக்க சின்னதா இருக்குதுங்களா? எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலீங்ணா. நான் எப்படிச் சொல்லுவேன்? ராத்திரி பகலா அந்தப் பேரைத்தான் சொல்லிட்டு இருக்கேன், என்ர வாயால ஒருக்காக் கூடச் சொன்னதில்லை. அம்மாகிட்டக் கேட்டேன், "நான் சின்னதுல எப்படிம்மா பேசுவேன்?" அம்மா சிரிக்கறாங்க. "அரக்கோணத்துல இருந்தப்ப அரக்கோணமாட்டப் பேசுவே, குண்டக்கல் மாத்தல் ஆனதும் பால்காரனாட்டத் தெலுங்கு பேசுவே, ஒலவக்கோட்டுல நீ பேசின மலையாளத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மிணி உன்னையத் தன் புள்ளைன்னே நினைச்சுட்டாங்க"ங்கறாங்க. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கைங்ணா. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் புதுப் பையன். அவங்களாட்டப் பேசினாத்தான் வெளையாட்டுல சேர்த்துக்குவாங்க. சேர்த்துக்கிட்டாங்க, எல்லா ஊர்லயும் சேர்த்துக்கிட்டாங்க. எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சலை.

வருத்தமா இருக்குதுங்ணா. வெளையாட்டாச் சொல்லிட்டு வந்தாலும் வருத்தமாத்தான் இருக்குது. அந்த மனுஷன் பல்லு ரோசத்தை ஒதுக்கி வெச்சுட்டு எனக்காக வாயைத் தொறந்தார். அவர் எதிர்ல போட நான் ஒரு குரல் கூட வெச்சிருக்கலை. வாணி இல்லீன்னா நான் எதுக்குப் பெருங்குடியில உட்கார்ந்து எவனெவன் குரல்லயோ பேசிட்டு இருக்கோணும்?

ஆனா இப்பத் தேறிட்டனுங்ணா! அதைச் சொல்லாம விட்டுட்டேன். லீவு போட்டுட்டு வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டேன். டிவி கெடையாது, போன் கெடையாது, ஒருத்தர் மூஞ்சியும் பாக்கறதில்லை. கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பேசி, என்ர சொந்தப் பேச்சை வெளிய எடுத்துட்டேன். ஜவேரோ, ஜவேரோ, ஜவேரோ. இதுதானுங்க நம்பளது. இனி எவன் வந்து எப்படிப் பேசினாலும் அசையாது. வாணிக்குத்தான் நம்பிக்கை இல்லை. "கண்ணாடி உங்களோட பேசாதுல்லீங்க, மனுசங்கிட்டப் பேசிப் பாருங்க"ங்கறா. அதுக்குத்தான் ஈரோட்டுல ஏறினதுல இருந்து உங்ககிட்ட இத்தனை பேசறேன். ஒரு பரிச்சையாட்ட வெச்சுக்கங்க. நீங்களே பாத்தீங்கல்ல? சித்தோடு போச்சு, கவுந்தப்பாடி போச்சு, இத்தனை தூரம் பேசிட்டு வர்றனே, ஒரு எழுத்து மாறியிருக்குங்களா? மாறலை! சொல்லுங்கோ, மாறியிருக்குதுங்களா?

ஏனுங்ணா சிரிக்கறீங்க?

ஏனுங், உங்க மடியில இருக்கற மோட்டார் காயில் கீழ விழுகப்போவுது, புடிங்க. சொல்லிப்போட்டுச் சிரிங்க.

என்னது? என்ன சொன்னீங்க? "தம்பி, கதையெல்லாம் வேற ஆருகிட்டயாச்சும் சொல்லுங்க, நீங்க கவுந்தப்பாடிப் பக்கம்தான?"

இல்லீங்ணா, சாமி சத்தியமா இல்லீங்ணா, நான் மெட்ராசுங்...

அய்யோ.

எப்ப இருந்துங்ணா? எப்ப இருந்து நான் இப்படிப் பேசறேன்? ஏறினப்ப "சார்"னு தானுங்க ஆரம்பிச்சேன்? சோலிங்கற வார்த்தையே எனக்குத் தெரியாதுங்களே! நீங்க ஏனுங் சொல்லலை? ஒரு வார்த்தை, தம்பி நாக்கு போவுது பாருன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா? போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கோபி வந்துரும். எறங்கறதும் அவராட்டத்தான் பேசப்போறேன். நாலு பல்லுக்கும் சேர்த்து விசில் அடிக்கப்போறேன். அடுத்த வண்டியைப் புடிச்சுத் திரும்பிப் போயரட்டுங்களா?

ஆங்? இல்லீங்ணா, பொய் சொல்லலீங்க. வேற என்ன சந்தேகம் உங்களுக்கு?

"எல்லாஞ் செரி, பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சுத்தான், ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது"ங்கறீங்க. சொல்லுங்க. "கோகிலவாணின்னா நம்ம பக்கம் கோகிலாம்பாங்க, கோகிலாம்மிணிம்பாங்க. நானும் கோகிலா கோகிலான்னுதான் கேட்டுட்டு வர்றேன். நீங்க என்னங்க தம்பி, ஈரோட்டுல இருந்து வாணி, வாணிங்கறீங்க? அது ஆரு வெச்ச பேரு?"

நான் வெச்ச பேருங்ணா.

ஆரும் அப்படிக் கூப்பிடறதில்லீங்க. ஆபீஸ்ல கோகிலா. வீட்டுல கோகிலா. மொதல் நாள் கொடிவேரிக்கு நான் வானத்தைக் காட்டினேன்ல, அவ சிரிச்சாள்ல, அப்ப வந்துச்சு வாயில. நீங்க இத்தனை தடவை கோகிலான்னும் நான் மாத்தலீங்களா? நெசமாலுமா? ஒருக்காக் கூடவா? அன்னிக்குப் போன்ல... அவர் கோகிலான்னப்பவும் நான் வாணின்னுதான் சொன்னேன். விசில் வரைக்கும் அவராட்டப் பேசிட்டு இருந்தவன், அந்த ஒண்ணை மட்டும் மாத்தலை. அதுக்குத்தான் அவர் பேசாம இருந்தாருங்களா? அது தப்புன்னு இல்ல நினைச்சுட்டு இருக்கேன் இத்தனை நாளா!

இருங்ணா, கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்திருங்க.

என்ர பேச்சுன்னு ஒண்ணு இருக்குதுங்ணா. ஒரே ஒரு வார்த்தைதான் இருக்குது. அதை வெச்சுட்டு ஒரு கல்யாணம் பண்ணிப்போடலாமாட்ட இருக்குது. வண்டி பேரைக் கேட்டாருன்னா, எனக்குத் தெரியாதுங்க, வாங்கினவரு நீங்க, உங்க வண்டி, நீங்க சொல்றதுதான் பேருன்னு சொல்லிப்போடறேன். மக பேரைக் கேட்டாருன்னா...

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்களா? அதா, அங்க பாருங்க, பூக்கடையைத் தாண்டி அக்கட்டால, வெள்ளை வண்டி. பக்கத்துல வெள்ளை வேட்டி. அவருதானுங்க! என்னையக் கூட்டிட்டுப் போக அவரே வந்திருக்காருங்ணா. வாயை இறுக்கி மூடிட்டு நிக்கறாரு பாருங்க, பாவம். வாணி முன்சீட்டுல.

வழி விடுங்ணா, எறங்கறேன். நீங்களும் இங்கதான எறங்கோணும்? எறங்குங்க, வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போங்க, நல்ல மனுஷன். ஆனா உங்க காலுல விழுகறனுங்ணா, அந்த வண்டி பேரை மட்டும் எங்காதுல விழுகற மாதிரிச் சொல்லிப்போடாதீங்க!